செடியின் பெயரைச் சொன்னவர் யார்?

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புக்கு வகைப்பாட்டியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இருசொல் பெயரிடும் முறையை விளக்கிவிட்டு, வீட்டருகே உள்ள செடி ஒன்றின் இலையையும் பூவையும் கொண்டுவந்து தாளில் ஒட்டி, கீழே பெயரை எழுதும்படி சொன்னேன். மறுநாள் முப்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் வந்தன. செம்பருத்தி, எருக்கு, துளசி, வேம்பு, குப்பைமேனி என்று நல்ல கலவைதான்.

ஒரு மாணவி இளஞ்சிவப்பில் ஐந்து இதழ் கொண்ட பூவை ஒட்டி, 'சுடுகாட்டு மல்லி' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் அதை உரக்கப் படித்தான். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு மையால் அந்தப் பெயரை அடித்து 'நித்தியகல்யாணி' என்று எழுதினேன். அதன் கீழே 'கேதராந்தஸ் ரோஸியஸ்' என்ற தாவரவியல் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

"எங்க ஆயா அப்படித்தான் சொல்லும் டீச்சர்" என்றாள்.

"அது பேச்சு வழக்கும்மா. பாடத்துல சரியான பெயரத்தான் எழுதணும்" என்றேன்.

அந்த மாதம் முழுவதும் அவள் வேறு எந்த இலையும் கொண்டுவரவில்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தாள்களை ஒரு கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்தேன். மழைக்காலம் முடிந்து டிசம்பரில் எடுத்துப் பார்த்தால் பாதித் தாள்களில் பூஞ்சை பிடித்திருந்தது. நன்றாக இருந்த மீதித் தாள்களையும் பயன்படுத்த முடியவில்லை. எந்த இலை எந்தத் தெருவில் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் போட்டேன்.

இந்த இரண்டு தவறுகளும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள் என்பது அடுத்த கல்வியாண்டில்தான் எனக்குப் புரிந்தது. புரியவைத்தவர் சுமார் 170 ஆண்டுகளுக்கு முன் இதே சென்னையில் செடிகளைச் சேர்த்த ஒரு மருத்துவர்.

கதீட்ரல் சாலையிலிருந்து ஒரு தேடல்

மாணவர்களைச் செம்மொழிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தேன். அண்ணா மேம்பாலத்துக்கு அருகே கதீட்ரல் சாலையில் உள்ள இந்தப் பூங்கா 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஓட்டலுக்கும் முன்னால் அங்கே என்ன இருந்தது என்று மாணவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடினேன். அப்படித்தான் 1835 இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வரலாற்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தச் சாலையில் அந்தச் சங்கம் வளர்த்த தோட்டத்தில் இந்நாட்டுச் செடிகளும் கடல் கடந்து வந்த செடிகளும் வளர்க்கப்பட்டன. அந்தச் செடிகளின் பட்டியலை 'ஹோர்டஸ் மெட்ராஸ்பட்டென்சிஸ்' என்ற பெயரில் 1853 இல் வெளியிட்டவர் ஹியூ கிளெக்ஹார்ன்.

கிளெக்ஹார்ன் 1820 ஆகஸ்ட் 9 அன்று சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தை இங்கே நீதிமன்ற நிருவாகப் பணியில் இருந்தார். சிறு வயதிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டு, எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1842 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்குத் திரும்பினார். அந்தக் காலத்தில் மருந்துகளில் பெரும்பகுதி செடிகளிலிருந்தே வந்தது. அதனால் மருத்துவம் படித்தவர்கள் தாவரவியலும் படித்தாக வேண்டும். அன்று இந்தியாவில் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர்களில் பலர் மருத்துவர்களாக இருந்ததற்கு இதுவே காரணம்.

சில காலம் மைசூர்ப் பகுதியின் சிமோகாவில் பணியாற்றினார். அங்கே ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டார். தாவரவியலில் மூத்தவர் ஒருவர் அவருக்குச் சொன்ன அறிவுரை அது: நாள் ஒன்றுக்கு ஒரு செடி, கால் மணி நேரம். அதை அவர் பின்பற்றினார். செடிகளைப் படமாக வரைந்து தர ஓர் ஓவியரையும் அமர்த்திக்கொண்டார்.

உடல்நலம் குன்றித் தாயகம் சென்றவர், 1851 இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்துக்காக, வெப்பமண்டலக் காடுகளை அழிப்பதால் வரும் விளைவுகள் பற்றிய அறிக்கையைத் தயாரித்தார். மீண்டும் சென்னை வந்து மருத்துவக் கல்லூரியில் தாவரவியலும் மருந்தியலும் கற்பித்தார். தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். 1856 இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். 1861 இல் தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

ஓர் ஆசிரியராக என்னைக் கவர்ந்தது அவருடைய பதவிகளைவிட அவர் சேர்த்துவைத்தவைதான். உலர்த்திய செடிகள், 3000க்கும் மேற்பட்ட தாவர ஓவியங்கள், தாவரவியல் நூல்கள். ஓவியங்களில் பல உயிருள்ள செடியைப் பார்த்து வரைந்தவை. சில ஐரோப்பிய நூல்களில் அச்சான படங்களைப் பார்த்து வரைந்த பிரதிகள். 1850 இல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் மாணவர்களும் அவருக்காக வரைந்தார்கள். 1895 இல் அவர் ஸ்காட்லாந்தில் மறைந்தார். ஓவியங்கள் இன்று எடின்பரோவில் உள்ள அரச தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவருடைய நூல்களில் ஒரு பகுதியும் அங்கே இருக்கிறது.

தாள் எப்படிச் சான்றாகிறது?

என் அலமாரித் தாள்கள் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. அந்தக் காலத்துச் சேகரிப்புகளோ 150 ஆண்டுகளைக் கடந்தும் பயன்படுகின்றன. நல்ல தாளும் நல்ல அலமாரியும் மட்டும் அதற்குக் காரணமல்ல. உலர்தாவரத் தொகுப்பில், அதாவது ஹெர்பேரியத்தில், தாளின் கீழே ஒட்டப்படும் சிறு குறிப்புச் சீட்டுதான் முதன்மையானது. எந்த இடம், எந்த நாள், யார் சேகரித்தார், எந்தச் சூழலில் வளர்ந்தது என்று அது சொல்கிறது. சீட்டு இருந்தால் அந்தச் செடி ஒரு சான்று. ஒரு செடி முன்பு எங்கே வளர்ந்தது, எந்த மாதத்தில் பூத்தது, இப்போது அது அங்கே இருக்கிறதா என்றெல்லாம் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சீட்டு இல்லாவிட்டால் அது காய்ந்த இலை மட்டுமே.

கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் முறை இதுதான். அந்த மாவட்டத்து ஆசிரியர்கள் முன் அனுமதி பெற்று மேல்வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்ல முயலலாம்.

பெயர் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

கிளெக்ஹார்னின் ஓவியங்களைப் பற்றிப் படித்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. சிமோகாவில் அவருக்கு வரைந்துகொடுத்தவர் ஒரு மராட்டிய ஓவியர். அவர் பெயர் பதிவாகவில்லை. நாள்தோறும் செடியின் முன் உட்கார்ந்து இதழையும் மகரந்தத்தாளையும் எண்ணி வரைந்தவர் அவர்தான். தொகுப்பு இன்று வழங்கும் பெயரோ கிளெக்ஹார்னுடையது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் அதே காலத்தில் உண்டு. கிளெக்ஹார்னுக்கு முன் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்களைக் கொண்டு தன் நூல்களுக்குப் படங்கள் வரைவித்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று ஓவியரின் பெயரையே வைத்தார். பின்னாளில் வகைப்பாடு மாறி அந்தச் செடி வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் தாவரவியல் ஏடுகளில் கோவிந்துவின் பெயர் நிற்கிறது. இதே கோவிந்து கிளெக்ஹார்னுக்கும் வரைந்திருக்கிறார்.

வைட் தன் நண்பர் கிளெக்ஹார்னையும் விடவில்லை. 'கிளெக்ஹார்னியா' என்று ஒரு பேரினத்துக்குப் பெயரிட்டார். அது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் சிவப்பு மையால் பெயரை அடித்த நித்தியகல்யாணியும் அதே குடும்பம்தான். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இன்னும் பின்னோக்கிப் போனால் கேரளத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலுக்குச் செடிகளின் பெயர்களையும் பயன்களையும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். அவர் அளித்த சான்றுரை நூலின் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. சொன்னவர் இன்னார் என்று நூலே ஒப்புக்கொண்டதால், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நாம் அவர் பெயரைச் சொல்ல முடிகிறது.

அந்த மாணவிக்கு நான் செய்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. செடியைச் சேகரித்தவள் அவள். பெயரைச் சொன்னவர் அவளுடைய ஆயா. நான் இருவரையும் அடித்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் பெயரை மட்டும் தாளில் வைத்தேன். தாவரவியல் பெயர் கட்டாயம் வேண்டும். உலகம் முழுவதும் ஒரு செடிக்கு ஒரே பெயராக நிற்பது அதுதான். ஆனால் அதை எழுதுவதற்காக வழக்குப் பெயரை அழிக்க வேண்டிய தேவை இல்லை. நல்ல சேகரிப்பாளர்கள் இரண்டையும் எழுதிவைத்தார்கள்.

வகுப்பறையில் செய்தது

அந்த ஆண்டு செயல்பாட்டைப் புதிதாகத் தொடங்கினேன். சுற்றுச்சூழல் மன்றத்துக்கான நேரத்தையும் அறிவியல் பாடவேளைகள் சிலவற்றையும் சேர்த்து ஆறு வாரங்கள் ஆயின. செய்த முறையைக் கீழே தருகிறேன். உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எல்லை: பள்ளி வளாகமும் பக்கத்தில் இரண்டு தெருக்களும் மட்டும். நகரத்தில் செடி ஏது என்று நானும் நினைத்தேன். மதில் ஓரத்திலும் மழைநீர் வடிகால் பக்கத்திலும் ஒரே காலையில் 23 வகைகளை மாணவர்கள் எண்ணினார்கள். குப்பைமேனி, கீழாநெல்லி, துத்தி, மூக்கிரட்டை போன்று நிறைய முளைக்கும் செடிகளை மட்டுமே எடுக்கலாம் என்பது விதி. ஓரிடத்தில் ஒரே ஒரு செடிதான் இருந்தால் வரையலாம், பறிக்கக் கூடாது. பூங்காவிலும் கோயிலிலும் எதையும் பறிப்பதில்லை. மயிலை கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னையைப் பார்த்து வரைந்துவர மட்டும் இரண்டு குழுக்கள் போயின.

உலர்த்தல்: இலை, தண்டு, பூ, கிடைத்தால் காயும் சேர்ந்த சிறு கிளையாக எடுக்க வேண்டும். சிறு செடியானால் வேரோடு எடுக்கலாம். செய்தித்தாள்களின் நடுவே பரப்பி, ஓர் இலையை மட்டும் திருப்பி அதன் அடிப்பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். மேலும் கீழும் அட்டை வைத்து, அதன் மேல் செங்கல்லோ புத்தகக் கட்டோ ஏற்ற வேண்டும். முதல் நான்கைந்து நாள்களுக்குத் தாளைத் தினமும் மாற்றுவது மிக முக்கியம். முதல் ஆண்டில் நான் செய்யாமல் விட்டது இதுதான். ஈரம் தங்கினால் பூஞ்சை வந்துவிடும். ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் இலை மொடமொடப்பாகிவிடும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு ஏற்ற காலம்.

தாள்: ஹெர்பேரியங்களில் ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் கொண்ட கெட்டித் தாளைப் பயன்படுத்துகிறார்கள். கடையில் கிடைக்கும் ஏ3 அளவுத் தாள் கிட்டத்தட்ட இதே அளவுதான். செடியை முழுவதும் பசை தடவி ஒட்டாமல், சிறு காகிதப் பட்டைகளாலோ நூலாலோ தண்டை மட்டும் பிணைக்கலாம்.

குறிப்புச் சீட்டு: தாளின் வலது கீழ் மூலையில் ஒட்டுகிறோம். எங்கள் சீட்டில் உள்ள இனங்கள் இவை:

1. வரிசை எண்
2. நாள்
3. இடம் (தெருவும் அடையாளமும்)
4. செடியா, கொடியா, மரமா
5. பூவின் நிறம் (உலர்ந்தால் மாறிவிடும் என்பதால் அன்றே எழுத வேண்டும்)
6. வழக்கில் உள்ள பெயர்கள்
7. பெயரைச் சொன்னவர்
8. தாவரவியல் பெயரும் குடும்பமும்
9. சேகரித்தவர்
10. வரைந்தவர்

ஏழாவது இனம் இதன் உயிர்நாடி. அதை நிரப்புவதற்காக ஒவ்வொரு மாணவரும் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெரியவரிடம் பேசியாக வேண்டும். ஒருவர் மாட வீதியில் பூ விற்பவரிடம் கேட்டார். ஒருவர் மாநகராட்சிப் பூங்காவில் தோட்டவேலை செய்பவரிடம் கேட்டார். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வேலைக்காக இங்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள், நாங்கள் யாரும் கேட்டறியாத பெயர்களைக் கொண்டுவந்தார்கள். ஒரே செடிக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதினோம். ஒரே பெயரை இரண்டு செடிகளுக்குச் சொன்ன சந்தர்ப்பங்களும் வந்தன. தாவரவியல் பெயர் எதற்கு என்பதை அப்போது நான் விளக்கவே தேவைப்படவில்லை. "அப்போ எந்தச் செடின்னு எப்படித் தெரியும் டீச்சர்?" என்று அவர்களே கேட்டார்கள். முந்தைய ஆண்டு கரும்பலகையில் எழுதிப் போட்டும் நுழையாத பாடம் அது.

கால் மணி நேர ஓவியம்: நாளுக்கு ஒரு செடி என்ற பழக்கத்தை வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டோம். முதலில் செடியைக் காட்டாமல், நினைவிலிருந்து நித்தியகல்யாணிப் பூவை வரையச் சொன்னேன். நான்கு இதழ், ஆறு இதழ் என்று எல்லாம் வந்தன. பிறகு பூவைக் கையில் கொடுத்து வரையச் சொன்னேன். ஐந்து இதழ்களும், மொட்டில் அவை முறுக்கிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் தெரிந்தன. செம்பருத்தி மொட்டிலும் இதே முறுக்கு இருக்கிறது என்று ஒரு மாணவர் கண்டுபிடித்துச் சொன்னார். நன்றாக வரைய வராத பிள்ளைகளும் இதழை எண்ணுவதிலும் இலையின் விளிம்பைக் கவனிப்பதிலும் தேர்ந்தார்கள். மதிப்பெண்ணும் அதற்குத்தான் கொடுத்தேன்.

ஒரு செடி நூலகம்

கிளெக்ஹார்னின் தொகுப்பில் செடிகளும் படங்களும் நூல்களும் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தன. செடியைப் பார்ப்பது, வரைவது, நூலில் சரிபார்ப்பது என்று மூன்றும் சேர்ந்தால்தான் பெயர் உறுதியாகும். எனவே வகுப்பறையில் ஒரு தட்டைச் செடி நூலகமாக ஒதுக்கினோம். பள்ளி நூலகத்திலிருந்து மூலிகை நூல்கள், மரங்கள் பற்றிய சிறு நூல்கள், ஒரு தமிழ் அகராதி ஆகியவற்றை வைத்தோம். நூல்கள் குறைவாக இருந்ததால் மாணவர்களே ஒன்றை உருவாக்கினார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொன்ன செய்திகளைச் செடிவாரியாக எழுதிய குறிப்பேடு அது. இன்று எங்கள் தட்டில் அதிகம் புரட்டப்படும் புத்தகம் அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மருத்துவப் பயன்களை 'இன்னார் சொன்னது' என்று மட்டுமே பதிவுசெய்கிறோம். எந்தச் செடியையும் வாயில் வைக்கக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளியும் ஊமத்தையும் நஞ்சு. எனவே இவற்றை ஆசிரியரே கையாள வேண்டும். ஒவ்வொரு முறையும் கைகழுவிய பிறகே மற்ற வேலை.

மற்ற பாடங்களுடன்

சமூக அறிவியலுக்கு: 1853 பட்டியலைப் போலவே எங்கள் தெருச் செடிகளையும் 'இந்நாட்டுச் செடி', 'வெளியிலிருந்து வந்து பழகியது' என்று பிரித்தோம். பூவரசும் புங்கையும் முதல் வரிசை. கொடுக்காப்புளியும் தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மயிற்கொன்றை என்று பலரும் சொல்லும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. உலக வரைபடத்தில் நூல் கட்டி ஒவ்வொன்றின் வழியையும் காட்டினார்கள்.

தமிழுக்கு: குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருப்பதை நாம் அறிவோம். மாணவர்கள் தங்கள் தெருவுக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிக்கலாம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு: நம் ஊர்ச் செடிகளின் படங்கள் ஏன் எடின்பரோவில் இருக்கின்றன என்ற கேள்வியை விவாதத்துக்கு விடலாம். கிளெக்ஹார்னை வெறும் நல்லவராகவோ கெட்டவராகவோ காட்டத் தேவையில்லை. காடுகள் அழிவதைப் பற்றிக் காலத்துக்கு முன்பே எச்சரித்தவர் அவர். மலைவாழ் மக்களின் குமரி என்னும் இடம்பெயர் சாகுபடியைத் தடுக்க வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. ரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தேவைப்பட்ட அரசின் அலுவலர் அவர். காட்டைக் காப்பது என்றால் யாருக்காகக் காப்பது என்ற கேள்வி அங்கே எழும். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இதை நன்றாகவே விவாதிப்பார்கள்.

முதல் தாள்

செயல்பாட்டைத் தொடங்குவதற்கு முன் நான் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. அந்த மாணவி அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தாள். அழைத்து, நான் பெயரை அடித்தது தவறு என்று சொன்னேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொரு தாள் செய்து தர முடியுமா என்று கேட்டேன். ஆயாவிடம் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

அடுத்த வாரம் வந்தபோது செய்தியும் கொண்டுவந்தாள். ஆயாவின் ஊரில் புதைத்த இடத்தில் இந்தச் செடியை நடுவார்களாம். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் காயாது, ஆண்டு முழுவதும் பூக்கும் என்பதுதான் காரணமாம். நான் பாடநூலில் சொல்லிக்கொடுக்காத மூன்று பண்புகள் அந்த ஒரு பெயருக்குள் இருந்தன. ஆடு மாடு ஏன் வாய் வைப்பதில்லை என்று கேட்டால் வேதியியலுக்கே போய்விடலாம். இந்தச் செடியில் உள்ள கசப்பான ஆல்கலாய்டுகள்தான் காரணம். 1950களின் இறுதியில் கனடாவில் இதன் இலையை ஆராய்ந்தபோது வின்பிளாஸ்டின் என்ற மருந்து கிடைத்தது. அதைத் தொடர்ந்து வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் பயன்படுகிறது.

இதை எட்டாம் வகுப்பில் அவளையே சொல்லவைத்தேன். எங்கள் மாணவர்கள் பலர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் சாலை வழியாகத்தான் பேருந்தில் போய்வருகிறார்கள். சுடுகாட்டு மல்லி என்று அவள் சொன்னபோது இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முந்தைய ஆண்டு உரக்கப் படித்தவன் எழுந்து, தன் வீட்டு வாசலிலும் அந்தச் செடி இருக்கிறது என்றான்.

எங்கள் தொகுப்பில் இப்போது 64 தாள்கள் இருக்கின்றன. உலர்ந்த வேப்பிலை போட்ட ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை வெயிலில் காட்டுகிறோம். புதிதாக வரும் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பழைய தாள்களைச் சரிபார்த்து, அந்தச் செடி அதே இடத்தில் இன்னும் இருக்கிறதா என்று குறிக்கிறார்கள். வடிகால் வேலை நடந்த தெருவில் ஆறு வகைகள் காணாமல் போயிருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

முதல் எண் தாளில் பூவின் நிறம் வெளிறிவிட்டது. சீட்டு நன்றாக இருக்கிறது. வழக்கில் உள்ள பெயர்கள் என்ற இடத்தில் 'சுடுகாட்டு மல்லி, நித்தியகல்யாணி' என்று இரண்டும் இருக்கின்றன. பெயரைச் சொன்னவர் என்ற இடத்தில் அவளுடைய ஆயாவின் முழுப் பெயர் இருக்கிறது. எழுத்தை ஒருமுறை சரிபார்த்துத் தரச் சொன்னபோது, ரேஷன் அட்டையைப் பார்த்துத்தான் எழுதியதாக அவள் சொன்னாள்.

உங்கள் பள்ளியின் மதில் ஓரத்திலும் இருபது வகைச் செடிகளாவது இருக்கும். அவற்றின் பெயர் தெரிந்தவர்கள் உங்கள் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு கட்டு செய்தித்தாளும் ஓர் அட்டையும் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம்.